முடி நடும் முன்

தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்துக்காரர்கள் கேள்வி கேட்கச் சளைக்காதவர்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கப் போகிறோம் என்று விஞ்ஞானிகள் வந்தபோது, வெடி வைத்தால் மலைக்கு என்ன ஆகும், தண்ணீர் எங்கே போகும், கல்லை எங்கே கொட்டுவீர்கள் என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். பதில்கள் சரியா தவறா என்பது வேறு விவாதம். கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். அதே மலையடிவாரத்தில் இன்று கைப்பேசியைத் திறந்தால், வலியில்லாத முடி நடவு, மாதத் தவணை, காலையில் வந்தால் மாலையில் வீடு என்று விளம்பரங்கள் வந்து விழுகின்றன. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை அகல ரயில் பாதை திறந்த பிறகு மதுரையும் பக்கம், சென்னையும் பக்கம். மலைக்குக் கேட்ட கேள்விகளைத் தலைக்கும் கேட்கலாமே. முடி உதிர்வுக்கு வேலை செய்யும் மருந்துகள் உண்டு, வேலை செய்யும் அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் அவை பலன் தருவது ஒரு வரிசையில்தான். முதலில் காரணம், பிறகு மருந்து, கடைசியில் தேவைப்பட்டால் கத்தி. பெரும்பாலான விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் பணம் பண்ணுகின்றன.

ஒருவர் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே வேரிலிருந்து மறுபடி முளைக்கிறது. அதனால் தினமும் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலோ, பிரசவமோ, பெரிய அறுவை சிகிச்சையோ, பட்டினி டயட்டோ வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். உதிர்வு உடனே தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் கொத்தாக வரும். அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம். புதிதாக வாங்கிய ஷாம்பூவின் மீதோ தண்ணீரின் மீதோ பழி விழும். இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கிவிடும். அந்த ஆறு மாதத்தில் எதைத் தேய்த்தாலும் அதற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். அதிசய எண்ணெய்களின் வாடிக்கையாளர் சாட்சியங்களில் பாதி இப்படி வந்தவையாக இருந்தால் ஆச்சரியமில்லை.

பெண்களுக்கு இன்னொரு காரணம் வெகு சாதாரணமாக ஒளிந்திருக்கிறது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு போடியிலும் தேவாரத்திலும் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் இறங்கி வரும் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்த அளவு சரியாக இருக்கும்? இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகிய எளிய பரிசோதனைகள் சொல்லும் விஷயத்தை எந்த சீரமும் சொல்லாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் விழுங்கிவிட்டுத் தைராய்டு பரிசோதனைக்குப் போனால், முடிவே தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017இல் எச்சரித்தது. அதாவது, முடிக்கான மாத்திரையே முடி உதிர்வின் காரணத்தை மறைத்துவிடலாம். சோதனைக்கு முன் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது.

காரணம் எவ்வளவு எதிர்பாராத இடத்தில் இருக்கலாம் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் புல்தாணா மாவட்டம் சாட்சி. 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் அங்கே ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பலருக்குச் சில நாட்களிலேயே தலை வழுக்கையானது. தண்ணீரில் கோளாறு என்றார்கள், பூஞ்சை என்றார்கள். பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்திலும் முடியிலும் செலினியம் மிகுந்திருப்பதைக் கண்ட டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரேஷன் கோதுமையைச் சுட்டிக்காட்டினார். தேள்கடி சிகிச்சைக்காக உலகமே அறிந்த மருத்துவர் அவர். பலருக்கு முடி மறுபடி முளைக்கவும் தொடங்கியது. அந்த ஊரில் யாராவது போய் முடி நட்டுவிட்டிருந்தால், அந்தப் பெருமை முழுக்க நட்டவருக்குத்தான் போயிருக்கும்.

ஆண்களின் ஏறுநெற்றியும் உச்சி வழுக்கையும் வேறு கதை. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இளம் வயதிலேயே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது அது விழுந்தது என்றும் பதிவு செய்தார். பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்தால்தான் வழுக்கை. 1974இல் டொமினிக்கன் குடியரசில், டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களைப் பற்றி ஆய்வாளர் இம்பெராட்டோ மெக்கின்லியின் குழுவினர் எழுதினார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் சிறியது; நெற்றி முடியும் பின்வாங்கவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் ஒரு மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு வருட ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு முடியின் எண்ணிக்கை குறையவில்லை; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கே அந்த அதிர்ஷ்டம். மினாக்சிடில் வந்த வழி இதைவிடச் சுவையானது. ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை, சாப்பிட்டவர்களின் முகத்திலும் கையிலும் முடியை வளர்த்தது. அந்தப் பக்கவிளைவையே மருந்தாக்கி 1988இல் தலையில் தடவும் திரவமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்களின் வகிடு அகலும் வழுக்கைக்கும் முதல் மருந்து இதுதான். தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். பழைய முடி புதியதற்கு வழிவிடுகிறது என்று தெரியாமல் அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும்.

பக்கவிளைவு பயங்கரமாமே என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஃபினாஸ்டிரைடு ஆய்வில் பாலுறவுத் தொல்லை சொன்னவர்கள் 3.8 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களிலும் 2.1 சதவீதம் பேர் சொன்னார்கள். வித்தியாசம் சிறியது, ஆனால் உண்மையானது. மனச்சோர்வு வரலாம்; தற்கொலை எண்ணமும் வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியது. கருவில் உள்ள ஆண் சிசுவுக்கு ஆபத்து என்பதால் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் இதைத் தொடவே கூடாது. வயதானவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது பாதியாகக் குறைத்துக் காட்டும். இத்தனையும் தெரிந்து, வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுப்பதற்குத்தான் இது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தாக இருக்கிறது. நண்பர் சொன்னார் என்று மருந்துக்கடையில் அட்டையாக வாங்குவதுதான் பயப்பட வேண்டிய விஷயம். நிறுத்தினால் கொட்டிவிடும் என்ற குறையும் மெய்யே. மினாக்சிடிலை நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலை. ரத்தக்கொதிப்பு மாத்திரையும் அப்படித்தான். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

எண்ணெய் பக்கம் நிற்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் முடியைக் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் ரேலேயும் மொஹிலேயும் காட்டினார்கள். இருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் கம்பெனியின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடி உடையாமல் இருப்பது வேறு, உள்ளே சுருங்கிக்கொண்டிருக்கும் வேர் உயிர்ப்பது வேறு. பழனிக்கு மொட்டை போட்டால் அடர்ந்து வளரும் என்பதும் இந்த ரகமே. கத்தி தொடுவது தோலுக்கு வெளியே இருப்பதை மட்டும். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பதற்கு மட்டும் கொஞ்சம் ஆதரவு உண்டு. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றை வைத்துச் சிறிய ஆய்வொன்று செய்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் புழுவெட்டு, உடலின் எதிர்ப்பு சக்தி தன் முடிவேரையே தாக்குவதால் வருவது. பலருக்குத் தானே ஆறும். ஆறாவிட்டால் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி, தலை முழுக்கப் பரவினால் பாரிசிட்டினிப் போன்ற புதிய மாத்திரைகள் இருக்கின்றன. குழந்தையின் தலையில் செதில் செதிலாக முடி ஒடிந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதை வெங்காயத்தால் தேய்த்துப் புண்ணாக்கினால் நிரந்தரத் தழும்பே மிஞ்சும். இந்திய மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது. புற்றுநோய்க்கும் எய்ட்ஸுக்கும் பக்கத்தில் வழுக்கையும் அதில் உண்டு. வழுக்கை போயே போச்சு என்று தொலைக்காட்சியில் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி அறுவைக்கு வருவோம். நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரன்ட்ரைக், பின்மண்டை முடியை எடுத்து முன்னால் நட்டாலும் அது பின்மண்டையின் குணத்தோடே வாழ்கிறது, டிஹெச்டிக்குப் பணிவதில்லை என்று 1959இல் எழுதினார். முடி மாற்று அறுவை முழுவதும் இந்த ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. ஒரு முறையில் பின்தலையிலிருந்து பட்டையாகத் தோலை வெட்டியெடுத்துத் தையல் போடுவார்கள். இன்னொன்றில், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைக்கருவியால் ஒன்று முதல் நாலு முடி வரை உள்ள வேர்க்கொத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்து, குளிர்ந்த உப்புநீரில் போட்டுவைத்து, நெற்றியில் பிளவு கீறி, முடி சாயும் கோணம் பார்த்துச் செருகுவார்கள். இரண்டாயிரம் கொத்து என்றால் ஒரு முழுப் பகல் வேலை. நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நாலு மாதத்தில் முளைத்து, முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். திறமையான கையில் விளைவு இயற்கையாகவே இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏலத்தூரைப் பிரித்து நட்டால் தாய்த்தூரும் மறுபடி சிம்பு விடும். இங்கே எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கக்கூடியது பெரும்பாலானவர்களுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கொத்துகளுக்குள். இருபத்திரண்டு வயதில் அதில் பாதியை நெற்றியில் கொட்டிவிட்டு, மருந்தும் எடுக்காமல் விட்டால், பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து விழும். நாற்பதில் நெற்றியில் ஒரு தீவு, அதன் பின்னால் வெற்று மைதானம். எனவே ஒரே தடவை செலவு, மருந்து வேண்டாம் என்று சொல்லி அறுவையை விற்பது உண்மையல்ல.

யார் செய்கிறார்கள் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2016 மே மாதம் சென்னையில் முடி மாற்று செய்துகொண்ட ஓர் இளைஞர் உடல்நிலை மோசமாகி இறந்தார். அவரே இறுதியாண்டு மருத்துவ மாணவர். அந்த இடம் அழகு நிலைய உரிமத்தில்தான் இயங்கியது என்று அப்போது செய்திகள் வந்தன. மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் சாதாரண மருந்து போலத் தோன்றும். அட்ரினலின் சேர்த்தாலும் ஒரு கிலோ எடைக்கு ஏழு மில்லிகிராம்தான் உச்சவரம்பு, அறுபது கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். தலை முழுக்க மணிக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டே போகும்போது கணக்கு வைக்க ஒருவர் வேண்டும். வலிப்போ இதயத் தடுமாற்றமோ வந்தால் காப்பாற்றக் கருவிகளும் ஆளும் வேண்டும். டெல்லியில் நடந்த மரணம் ஒன்று உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற பதிவு மருத்துவர்தான் செய்ய வேண்டும், டெக்னீஷியன்கள் உதவலாமே தவிர அறுவை செய்யக் கூடாது, பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று ஒரு தேசிய ஆணையமே எழுத வேண்டி வந்தது. நிலைமையைப் புரிந்துகொள்ள வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

மலையடிவாரத்தில் தோல் மருத்துவருக்கு எங்கே போவது, அதனால்தானே விளம்பரத்தை நம்புகிறோம் என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடி நடப் பல மணி நேரம் பயணம் செய்யத் தயாராக இருப்பவருக்கு, தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமே இல்லை. அங்கே பார்ப்பதற்கும் ரத்தம் சோதிப்பதற்கும் கட்டணம் கேட்பதில்லை. ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை நிஜம். லட்சக்கணக்கில் கடன் வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது சின்னது. முடிக்காக இவ்வளவா என்று கேலி செய்பவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் தலையைப் பார்த்தே தட்டிக் கழிக்கும் சமூகத்தில் அந்தக் கவலையை வெறும் அலங்கார ஆசை என்று ஒதுக்குவது சரியல்ல.

எனவே பரிசோதனை முடிந்து, மருந்தையும் ஒரு வருடமாவது முறையாகப் பார்த்து, அதன் பிறகும் அறுவைதான் என்று முடிவெடுத்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். கத்தி பிடிப்பவர் பெயரும் பதிவு எண்ணும் என்ன? அவர் பட்டம் தோல் மருத்துவமா, பிளாஸ்டிக் சர்ஜரியா? துளையிடுவதையும் கீறுவதையும் அவரே செய்வாரா? அவசரம் என்றால் உயிர்காக்கும் வசதி அந்த அறையிலேயே இருக்கிறதா? மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம். பதில் சொல்லத் தயங்கினால், தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்தினால், எழுந்து வந்துவிடுங்கள்.