பேச்சு தாமதித்தால் முதலில் செவி

குழந்தை பொருளுள்ள தன் முதல் சொல்லை ஏறத்தாழ ஒரு வயதில் சொல்லத் தொடங்குகிறது. இரண்டு வயது நிறையும்போது ‘அப்பா வா’, ‘பால் வேணும்’ என்பதுபோல இரு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறது. இந்த எல்லை குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின்னாகும் என்பது உண்மையே. ஆனால் அந்த உண்மையே தமிழ்க் குடும்பங்களில் ‘இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்’, ‘ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்’ என்னும் ஆறுதல்களாக மாறி, பரிசோதனைக்கு உகந்த மாதங்களைக் கரைத்துவிடுகிறது. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பின்னர் ஈடுகட்டிவிடுகிறார்கள் என்றாலும், எந்தக் குழந்தை ஈடுகட்டும், எது உதவியின்றித் தேங்கும் என்பதை வீட்டில் இருந்தபடியே கணிக்க இயலாது.

பேச்சுத் தாமதத்தில் எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டியது செவி. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டி, அது திரும்பியதும் ‘காது நன்றாகக் கேட்கிறது’ என்று முடிவு செய்யும் வழக்கம் பெரிதும் ஏமாற்றக்கூடியது. ஏனெனில் பகுதிக் கேள்வி இழப்புள்ள குழந்தைக்கு உரத்த ஓசைகள் கேட்கும், ஆனால் மெல்லிய, உயர் அதிர்வெண் கொண்ட சகர ஒலி போன்றவை கேட்காமல் போகும். நிழலையும் தரையின் அதிர்வையும் உணர்ந்தே திரும்பும் குழந்தைகளும் உண்டு. உள்செவியின் எதிரொலியைப் பதியும் ஓ.ஏ.ஈ. சோதனையும், ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்துலங்கலை அளக்கும் பெரா சோதனையும் குழந்தையின் ஒத்துழைப்பு இல்லாமலே, அது உறங்கும்போதுகூடச் செய்யத்தக்கவை. நெருங்கிய உறவில் மணந்த பெற்றோருக்குப் பிறந்த குழந்தை, பிறந்தபோது கடும் மஞ்சள் காமாலையோ தீவிர சிகிச்சையோ கண்ட குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை ஆகியோருக்கு இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடவே கூடாது.

செவி நன்றாக இருந்தும் பேச்சு வராதபோது, குழந்தை பிறர் சொல்வதைப் புரிந்துகொள்கிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, விரும்பிய பொருளை விரலால் சுட்டிக் காட்டிப் பெரியவரின் முகத்தையும் பார்க்கிறதா என்பவை கவனிக்கப்படுகின்றன. இவை குறைந்திருப்பது ஆட்டிசத்தின், அதாவது சமூகத் தொடர்பிலும் நடத்தையிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலையின், அறிகுறியாக இருக்கலாம். பேசிய சொற்களைக் குழந்தை இழக்குமானால், வயது எதுவாயினும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாய் வேலைக்குச் செல்வதோ வீட்டில் இரு மொழிகள் புழங்குவதோ பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் அல்ல. ஆயினும் பழி பெரும்பாலும் தாய்மேலேயே விழுகிறது, அந்தப் பழிக்கு அஞ்சியே பல தாய்மார் தங்கள் ஐயத்தை வெளியில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள் என்பது வேதனைக்குரியது. இரண்டு வயதுக்குள் கைப்பேசித் திரையைத் தவிர்ப்பது நல்லதே. எனினும் கைப்பேசியைப் பறித்துவிட்டுக் காத்திருப்பது சோதனைக்கு ஈடாகாது. நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருப்பது சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாமே தவிர, சொற்களே வராத நிலையை உண்டாக்குவதில்லை. வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பதற்குச் சான்று இல்லை. இவற்றைவிடக் கொடியது, ஆட்டிசத்தைக் குணமாக்குவதாகச் சொல்லிப் பெருந்தொகைக்கு விற்கப்படும் குருத்தணுச் சிகிச்சை. அதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் அறிவித்தது.

நாடெங்கும் 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை குழந்தைகளைப் பரிசோதித்து, வளர்ச்சித் தாமதம் தென்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. அங்கு மதிப்பீடும் பயிற்சியும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. குழுவின் வருகைக்குக் காத்திராமல் பெற்றோர் நேரடியாகவும் செல்லலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனங்களுக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் இருக்கின்றன. கடும் செவித்திறன் இழப்புள்ள குழந்தையின் உள்செவியில் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. அந்த உதவி ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கே என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் நேரடி இழப்பாகிறது.

தனியாரிடம் செல்வோர், பேச்சுப் பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு பெற்றவரா என்று கேட்டறிய உரிமை உடையவர்கள். பதிவின்றித் தொழில் நடத்துவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். குணமாக்குவதாகப் பொய் உறுதி கூறிப் பணம் பெற்றவர்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் செவித்திறன் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை அடங்குகின்றன. இந்தக் காரணங்களால் ஒரு குழந்தைக்குச் சேர்க்கை மறுக்க அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கு அதிகாரம் இல்லை, மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெற்றால் குழந்தைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோர், பரிசோதனைக்கும் தொடக்கப் பயிற்சிக்கும் அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். மருத்துவர் சீட்டையும் சோதனை முடிவுகளையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தால் இடையீட்டு மையத்துக்கான முதல் வருகைக்கு அதுவே போதும்.