ஐந்து டொலர் அனுமதிச் சீட்டு

இசை என்றவுடன் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இனிமையே. சுருதியும் லயமும் இணைந்து கேட்போர் உள்ளத்தை அமைதியுறச் செய்வதே இசையின் பணி எனப் பலரும் கருதுவர். ஆனால், செவிக்கு இன்பம் தருவதைத் தன் முதற் கடமையாகக் கொள்ளாத இசையும் உலகில் உண்டு. அத்தகைய இசை ஒன்றைப் பற்றியும், அதனைப் படைத்தோர் தம் தொழிலை நடத்திய முறை பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். அவ்விசைக்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். அது வளர்ந்த நகரங்களுள் முக்கியமான ஒன்று அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டன். அங்கே தோன்றி, 1987ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரை மேடையேறிய ஃபுகாஸி என்னும் குழுவே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் இவ்விசை எத்தகையது என்பதைக் காண்போம். 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் பங்க் இசை தோன்றியது. நீண்ட காலப் பயிற்சியும் விலையுயர்ந்த கருவிகளும் உடையோரே மேடையேறலாம் என்ற எண்ணத்தை அது உடைத்தது. மின் கிதார் ஒன்றும், முரசுத் தொகுதி ஒன்றும், சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் இருந்தால் எவரும் பாடலாம் என்பதே அதன் துணிவு. அதனை மேலும் விரைவாகவும் கடுமையாகவும் சுருக்கமாகவும் ஆக்கியது ஹார்ட்கோர். அதன் பாடல்கள் பல ஒரு நிமிட அளவில் முடிந்துவிடும். வாஷிங்டனில் இதற்கு வழிகாட்டியவர்கள் பேட் பிரெயின்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் குழுவினர். ஜாஸ் இசையில் கைதேர்ந்திருந்த அவர்கள் பங்க் இசைக்கு மாறி, அதன் வேகத்தை யாவரும் வியக்கும் அளவுக்கு உயர்த்தினர்.

அவர்களைக் கேட்டு எழுச்சி கொண்ட மாணவர்களுள் இயன் மக்காய், ஜெஃப் நெல்சன் ஆகிய இருவரும் இருந்தனர். இவர்கள் டீன் ஐடில்ஸ் என்ற குழுவை அமைத்து, 1980ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவுக்குச் சென்று பாடினர். அக்காலத்தில் இத்தகைய கச்சேரிகள் பெரும்பாலும் மதுச்சாலைகளிலேயே நடைபெற்றன. மது விற்கும் இடத்தில் வயது குறைந்தோரை அனுமதித்தாற் சட்டச் சிக்கல் நேரும் என்று உரிமையாளர் அஞ்சினர். சான்பிரான்சிஸ்கோ நகரின் மண்டபம் ஒன்று இதற்கு எளிய வழி கண்டது. வயது குறைந்தவரின் புறங்கையிற் பெரிய பெருக்கல் அடையாளம் ஒன்றை மையினால் இட்டு, அவருக்கு மது கொடுப்பதில்லை என முடிவு செய்தது. இளைஞர்கள் அவ்வழக்கத்தை வாஷிங்டனுக்குக் கொண்டு வந்தனர். தடையின் குறியாகப் பிறந்த அந்த அடையாளத்தை, மதுவை விரும்பாதோர் பின்னர்த் தம் பெருமைச் சின்னமாகவே அணிந்தனர்.

அக்குழு கலைந்தபோது, கச்சேரிகளிற் கிடைத்த பணம் பங்கிடப்படாமற் சேர்ந்திருந்தது. அதனைத் தமக்குட் பகிர்ந்துகொள்ளாது, தம் பாடல்களை இசைத்தட்டாக வெளியிடச் செலவிட்டனர். எந்த நிறுவனமும் அதனை வெளியிட முன்வராது என்பதை அறிந்த அவர்கள், தாமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அதுவே டிஸ்கார்ட். முதல் இசைத்தட்டில் ஆயிரம் பிரதிகள் அச்சாயின. அவற்றுக்கு வேண்டிய உறைகளை நண்பர்கள் கூடி வெட்டி, மடித்து, பசையிட்டு ஒட்டினர். பிரித்துப் பார்த்த பழைய உறை ஒன்றே அவர்களுக்குப் பாடநூலாயிற்று. தன் கையே தனக்குதவி என்ற நம் முதுமொழிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

அடுத்து மக்காயும் நெல்சனும் அமைத்த மைனர் திரெட் என்னும் குழு, 1980 முதல் 1983 வரை மூன்றாண்டுகளே வாழ்ந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைந்த 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற அதன் பாடல், மதுவையும் போதைப்பொருளையும் மறுக்கும் இளைஞர் பலருக்குப் பெயரையே வழங்கிவிட்டது. எனினும், ஒருவர் தம் வாழ்வைப் பற்றிப் பாடியதை மற்றவர்கள் விதிநூலாகக் கொள்ளும் ஆபத்து அதில் இருந்தது. குழுவின் உள்ளேயே இதுபற்றி விவாதம் எழுந்தது. தம் பாடல் ஒன்று பிறருக்குக் கட்டளை இடுவது போலத் தோன்றுகிறது என்று நெல்சன் கருதினார். ஆகவே, 1983ஆம் ஆண்டு அப்பாடலை மீண்டும் பதிவு செய்தபோது, இவை விதிகள் அல்ல என்னும் விளக்கத்தை மக்காய் பாடலின் நடுவே பேச்சாகச் சேர்த்தார். அவ்விளக்கத்தைப் பின்வந்தோர் எல்லோரும் செவிமடுத்தனர் என்று கூற முடியாது. சில நகரங்களில் மது அருந்தியோரைத் தாக்குமளவுக்குச் சிலர் சென்றனர்.

வன்முறை வாஷிங்டனிலும் தலைகாட்டிற்று. மேடையின் முன் நெருங்கி ஆடுவோர் இடையே கைகலப்பு மிகுந்து, பெண்களும் சிறுவர்களும் பின்னே தள்ளப்பட்டனர். இதனால் வெறுப்புற்ற இசைஞர்கள் 1985ஆம் ஆண்டுக் கோடையிற் புதிய குழுக்களையும் புதிய மனப்பாங்கையும் உருவாக்க முயன்றனர். அவ்வாண்டிலேயே பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பும் அந்நகரில் இயங்கத் தொடங்கியது. இச்சூழலின் விளைவே ஃபுகாஸி. மக்காயுடன் கீ பிச்சியோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கான்டி ஆகியோர் இதில் இணைந்தனர். வியட்னாம் போரில் அமெரிக்கப் படைவீரர் தாம் சிக்கிக்கொண்ட இக்கட்டான நிலையைக் குறிக்க வழங்கிய கொச்சைச் சொல்லே குழுவின் பெயராயிற்று.

இனி அவர்களுடைய அரசியலை நோக்குவோம். அரசியல் என்றதும் கட்சியும் தேர்தலும் மேடைப் பேச்சும் நம் நினைவில் எழுதல் இயல்பே. ஃபுகாஸியின் அரசியலையோ அனுமதிச் சீட்டின் விலையிலேயே காணலாம். அவர்கள் கச்சேரிக்குப் பெரும்பாலும் ஐந்து டொலரே கட்டணம். சில இடங்களில் அது சற்றுக் கூடியதுண்டு. ஆனால் அக்காலத்துப் புகழ்பெற்ற குழுக்களின் கட்டணத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்கு அது குறைவு. எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பது இரண்டாவது நிபந்தனை. இசையை மிகுதியும் நாடும் பதினைந்து பதினாறு வயதினர், மது வாங்க இயலாத காரணத்தாலே வாயிலில் நிறுத்தப்படுதல் நீதியன்று என அவர்கள் கருதினர். ஆகையால், மதுச்சாலைகளை மட்டும் நம்பியிராது, தேவாலய மண்டபங்களிலும் சமூக நிலையங்களிலும் அவர்கள் பாடினர்.

இத்துணைக் குறைந்த கட்டணத்தில் ஒரு குழு பிழைப்பது எங்ஙனம் என்ற வினா எழலாம். விடை கணக்கில் உள்ளது. புகழ்பெற்ற இசைக்குழு ஒன்றின் வருவாயில் முகாமையாளர், கச்சேரி ஏற்பாட்டு முகவர், வழக்கறிஞர், விளம்பரக்காரர் ஆகிய பலர் பங்கு கொள்வர். அப்பங்குகளையெல்லாம் கொடுத்த பின்னர்க் குழுவுக்கும் ஏதேனும் மிஞ்ச வேண்டுமாயின் கட்டணம் உயர்ந்தே தீரும். ஃபுகாஸிக்கு முகாமையாளரும் இல்லை; முகவரும் இல்லை. கச்சேரி ஏற்பாட்டை மக்காயே தொலைபேசி வாயிலாகக் கவனித்தார். கருவிகளையும் தம்மையும் ஒரே வாகனத்தில் ஏற்றிச் சென்று, நண்பர் இல்லங்களில் தங்கினர். செலவு சுருங்கியபோது, ஐந்து டொலர் தாராளமாகப் போதுமானதாயிற்று. அவர்கள் வறுமையை விரதமாகப் பூண்டவர் அல்லர். இசையைக் கொண்டே சீவித்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இதே நோக்கம் பிற துறைகளிலும் தொடர்ந்தது. குழுவின் பெயர் பொறித்த ரீ-சேர்ட் போன்ற பொருள்களை அவர்கள் விற்கவில்லை. பெரும் வருவாய் தரும் அவ்வணிகத்தை அவர்கள் ஒதுக்கவே, பிறர் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்றனர். அவற்றுள் ஒன்றில், இது ஃபுகாஸியின் ரீ-சேர்ட் அன்று என்றே பொறிக்கப்பட்டிருந்தது வேடிக்கை. மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் செய்யும் பெரிய சஞ்சிகைகளுக்குப் பேட்டி அளிக்க மறுத்த அவர்கள், மாணவர் தம் கையால் அச்சிட்ட சிறு ஏடுகளுக்கு விரும்பிப் பேட்டி அளித்தனர்.

மண்டபத்தினுள் ஒழுங்கு காப்பதிலும் அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. எவரேனும் பிறரைத் தாக்கினால், பாட்டு அவ்விடத்திலேயே நின்றுவிடும். மேடையிலிருந்து அவரை நேரே அழைத்து, மரியாதையோடு கண்டிப்பர். மேலும் தொடர்ந்தால், அவருடைய ஐந்து டொலரைத் திருப்பிக் கையிற் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவர். பெண்கள் தெருவிற் படும் தொல்லையைப் பெண்ணின் நோக்கிலிருந்தே எடுத்துரைக்கும் 'சஜெஸ்சன்' என்ற பாடலை 1988ஆம் ஆண்டு வெளியிட்ட அக்குழு, தன் கண்ணெதிரிலேயே பெண்கள் நெரிபடுவதைப் பார்த்திருக்குமாயின் அப்பாடலுக்குப் பொருள் ஏது?

சொந்த நகரில் அவர்கள் நடத்திய கச்சேரிகள் ஏறக்குறைய யாவும் இலவசமானவை, அல்லது ஏழைகளுக்கான வைத்திய நிலையம் போன்ற பொதுப் பணிகளுக்கு நிதி திரட்டியவை. 1990ஆம் ஆண்டு லோர்ட்டன் சிறைச்சாலையிற் கைதிகள் முன் பாடினர். 1991ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, வளைகுடாப் போர் மூளவிருந்த வேளையில், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவிற் கடுங்குளிரில் நின்று போரை எதிர்த்து இசைத்தனர். சில நாட்களில் ஈராக்கின் மீது குண்டுவீச்சு ஆரம்பமாகிவிட்டது. இசை போரை நிறுத்திவிடவில்லை. ஆயினும் அதிகாரத்தின் வாயிலில் நின்று எதிர்ப்பைத் தெரிவித்தல் குடிமக்களின் கடமை என்பதை அங்குக் கூடிய இளைஞர் உணர்ந்தனர்.

கொள்கையின் உண்மையான சோதனை பின்னரே வந்தது. 1991ஆம் ஆண்டு நிர்வானா என்னும் குழுவின் இசைத்தட்டு பெருவெற்றி பெற்றவுடன், அதுவரை திரும்பியும் பாராத பெரு நிறுவனங்கள் சிறு குழுக்களைத் தேடி ஓடி வந்தன. ஃபுகாஸியையும் நாடின, அவர்கள் மறுத்துவிட்டனர். டிஸ்கார்டில் இருந்த ஷடர் டு திங்க், ஜோபொக்ஸ் என்ற குழுக்களோ பெரு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தன. டிஸ்கார்ட் அவற்றைத் தடுக்கவில்லை; தடுக்கவும் இயலாது. ஏனெனில், அந்நிறுவனம் எக்குழுவோடும் எழுத்துமூல ஒப்பந்தம் செய்வதில்லை. செலவு போக எஞ்சிய இலாபத்தைக் குழுவும் நிறுவனமும் சமமாகப் பங்கிடுவதே அதன் வழக்கம். நம்பிக்கை இருக்கும் வரை உறவு இருக்கும். போக விரும்புவோர்க்குக் கதவு திறந்தே இருக்கும். ஜோபொக்ஸ் குழு 1997ஆம் ஆண்டிற் கலைந்தது. பெரு நிறுவனத்தின் மூலம் அது வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று, 2009ஆம் ஆண்டு டிஸ்கார்டின் துணையோடு மறுபதிப்பாக வெளிவந்தது. திறந்திருந்த கதவு திரும்பி வருவோர்க்கும் பயன்பட்டது என்பதற்கு இது சான்று.

இம்முறையைக் குறை கூறுவோரும் உளர். மக்காய் ஒரு பத்திரிகையாளரின் மகன். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள், தேவை நேர்ந்தாற் பெற்றோரிடம் திரும்பலாம் என்ற துணிவில் இலாபத்தை வெறுக்கலாம். வேறு ஆதரவற்ற கலைஞர் ஒருவர் பெரு நிறுவனத்தின் முற்பணத்தைத் தள்ளிவிட முடியுமா என்பது அவர்களுடைய வினா. இவ்வினாவிற் பெரும் நியாயம் உண்டு. தம் ஒழுக்கத்தைப் பிறர்மீது ஏற்றி நீதிபதியாக அமரும் பழக்கமும் இவ்விசையை விரும்பியோர் சிலரிடம் காணப்பட்டது. ஆனால், ஃபுகாஸி பிற கலைஞர் யாவரும் தம்மைப் போலவே நடக்க வேண்டும் எனச் சட்டம் வகுக்கவில்லை. இப்படியும் நடக்கலாம் என்பதைச் செய்து காட்டினர். 'வேறு வழியில்லை' என்று வணிக உலகம் கூறும்போது, வழி ஒன்று உண்டு என்பதற்கு அவர்கள் சான்றாயினர்.

ஃபுகாஸி 2002ஆம் ஆண்டு இலண்டனில் மேடையேறிய பின்னர், பிரிவு என எதனையும் அறிவிக்காமலே ஓய்ந்தது. பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் பல அந்நிய நாடுகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகளை அது நடத்தியிருந்தது. அவற்றுள் எண்ணூற்றுக்கு மேற்பட்டவை ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தன. 2011ஆம் ஆண்டு முதல் அப்பதிவுகளைக் குழுவினர் இணையத்தின் வழியே வெளியிடலாயினர். ஒரு கச்சேரிக்கு அவர்கள் குறித்த விலை பழைய ஐந்து டொலரே. குறைவாகக் கொடுக்க விரும்புவோர் ஒரு டொலரும், கூடுதலாகக் கொடுக்க விரும்புவோர் நூறு டொலர் வரையும் தரலாம் என்றும் இடமளித்தனர்.

இவ்விசை எல்லோர் செவிக்கும் உகந்தது என்று நான் கூற வரவில்லை. அதன் இரைச்சலைக் கேட்டு வானொலிப் பெட்டியை மூடிவிடுவோரும் இருக்கலாம். ஆயினும், ஒரு கலைஞரின் கொள்கையை அறிய விரும்புவோர், அவர் மேடையிற் பாடுவதைக் கேட்பதோடு நில்லாது, வாயிலில் வாங்கும் கட்டணம் எவ்வளவு, அப்பணம் யார் கைக்குச் செல்கிறது, வாயிலில் நிறுத்தப்படுவோர் யார் என்பவற்றையும் விசாரித்தல் நன்று. ஃபுகாஸியைப் பொறுத்தவரை, மேடையிற் கேட்ட விடையும் வாயிலிற் கிடைத்த விடையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.