பிளாட்பாரம் இருந்தும் ரோட்டில் நடப்பது ஏன்?

சென்னையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நிரந்தரப் புகார் உண்டு. “பிளாட்பாரம் இருக்கு, ஆனா ஜனங்க ரோட்டுலதான் நடக்குறாங்க.” உண்மைதான். காரணம் தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு தெருவில் நூறு அடி தூரம் பிளாட்பாரத்தை விட்டு இறங்காமல் நடந்து பார்க்கலாம். முதல் வீட்டு கேட் முன்னால் கார் ஏறச் சிமென்ட் சரிவு போட்டிருப்பார்கள், இறங்க வேண்டும். மறுபடி ஏறினால் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். அதைச் சுற்றி வந்தால் டூவீலர் வரிசை. முழங்கால் வலி உள்ளவர் இரண்டாவது கேட்டிலேயே ரோட்டுக்கு வந்துவிடுவார்.

விதி இல்லாமல் இல்லை. சாலை வடிவமைப்புக்கு நாடு முழுவதும் பின்பற்றப்படுவது இந்திய சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை. 2012-ல் வந்த அதன் பாதசாரி வசதிக் கையேடு, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதையின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் ஊரிலோ பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான் பிளாட்பாரம். வடிகால் எவ்வளவு அகலமோ, நடப்பவருக்கு அவ்வளவுதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதால் ரோடு உயர்ந்தது, வாசல்கள் பள்ளமாயின. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவு போடும் அளவுக்கு அது போனது.

இதெல்லாம் வெறும் மெத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பிளானில் கோடு எந்த வரிசையில் விழுகிறது என்பதுதான் விஷயம். முதலில் வாகனத்துக்கு இத்தனை வரிசை என்று ஒதுக்குகிறார்கள், அப்புறம் பார்க்கிங், மிஞ்சியது நடப்பவருக்கு. இதைத் தலைகீழாக்கும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதமாவது நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்றது அது. காகிதத்தில் அது இன்றைக்கும் துணிச்சலான கொள்கை.

அது கண்ணுக்குத் தெரிந்த இடம் தியாகராய நகர் பாண்டி பஜார். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அந்தச் சாலை மாற்றி அமைக்கப்பட்டு 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வாகனத்தை அடியோடு நிறுத்தவில்லை. அதற்கான இடத்தைக் குறுக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, உட்காரப் பெஞ்சு போட்டார்கள். சாயங்காலத்தில் பேரப்பிள்ளையை ஓடவிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை அங்கே பார்க்கலாம். ஆனால் அந்தச் சாலைக்கு முகமாக இருந்த நடைபாதை வியாபாரிகளை 2013-லேயே தனி வளாகத்துக்கு அனுப்பியாயிற்று. அகலமான நடைபாதையில் பூக்காரிக்கு இடமில்லை என்பது எனக்கு உறுத்தல்தான்.

பாண்டி பஜாரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் வேறு சிந்தனை. உஸ்மான் சாலையில் மேம்பாலம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை. பெட்டியோடு ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போகிறவருக்கு அது வரம், லிப்டும் உண்டு. என்றாலும் அதன் கணக்கைக் கவனியுங்கள்: கார் சமதளத்தில் போக வேண்டும், கால் மாடி ஏற வேண்டும்.

நெரிசலைத் தீர்க்கத்தானே பாலம் என்று கேட்கலாம். அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் சொன்னது: சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ, கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடிவிடுகிறது. நெரிசலுக்குப் பயந்து வண்டியை எடுக்காதவர்களும் ரோடு காலி என்றதும் எடுத்துவிடுவார்கள். அதற்கு நடப்பவர் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. 2022-ல் நாட்டில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை என்பது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இனி பார்க்கிங். எந்த ஊர் அதிகாரியும் கை வைக்கத் தயங்கும் இடம் இதுதான். ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் வேண்டும். சுமார் 135 சதுர அடி. மேற்கு மாம்பலத்தில் அந்த அளவு அறைக்கு அட்வான்ஸ், மாத வாடகை, கரண்ட் பில் எல்லாம் கொடுத்தாக வேண்டும். வீட்டு வாசலில் ரோட்டோரம் நிற்கும் காருக்குப் பெரும்பாலான தெருக்களில் காலணா கிடையாது. கட்டணம் என்று பேச்செடுத்தால், நடைபாதைக்காக நாலு காரின் இடத்தை எடுத்தால், கஸ்டமர் வரமாட்டார் என்று கடைக்காரர்கள் கொடி பிடிப்பார்கள். அவர்களுக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் புகும் கூட்டம் காரில் வந்ததல்ல. கடை திறந்திருக்கும் நேரத்தில் அந்தத் தெருவில் கார் நுழையவே முடியாது. அதனால் அங்கே கடை வாடகை இறங்கியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.