அணி நிலைக்குமா? கூடைப்பந்தைப் பற்றி ஒரு கணக்கு

நமது சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பல வருடப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் என் பக்கத்து இலைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மகனுக்கு 19 வயது. ஆறடி நான்கு அங்குல உயரம். கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடுகிறான்.

"சார், ஒரு புது லீகிலேருந்து பையனைக் கூப்பிடறாங்க. அதே நேரத்துல ரயில்வேயில ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷனும் வருது. லீக்ல சேர்ந்தா பேரு, டிவி எல்லாம் இருக்கு. ஆனா அந்த டீம் நிலைக்குமா? நீங்கதான் கணக்குப் போடற ஆளாச்சே, சொல்லுங்க" என்றார்.

சர்வீஸில் இருந்தவரை, ஒரு பாலம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும், ஒரு தண்டவாளத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. ஆனால் கூடைப்பந்து அணியின் ஆயுளை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பாயசம் ஆறியதுதான் மிச்சம். அதன் பிறகு சில வாரங்கள், அமெரிக்காவில் இருக்கும் பேரனைத் தொலைபேசியில் தொந்தரவு செய்தும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் பலருக்கு வரலாம்.

இந்த ஆட்டம் நமக்குப் புதியதல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளை மாடத்தில் கட்டி இதை ஆரம்பித்தார். அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் வேரூன்றியதற்கு அந்தக் கல்லூரியின் பங்கு பெரிது. வேர் பழையது, தொழில்முறை அணி என்பதுதான் நம் நாட்டில் புதியது. ஆகவே அணியை எடைபோடும் வித்தையை, அது நெடுநாளாக நடக்கும் அமெரிக்காவிலிருந்து முதலில் பார்ப்போம். அங்குள்ள பெரிய லீகை என்.பி.ஏ. என்பார்கள், அதில் 30 அணிகள்.

சென்ற வருடம் யார் கோப்பை வாங்கினார்கள் என்று பார்த்து அணியை மதிப்பது சாதாரண ரசிகரின் வழக்கம். தண்டவாளத்தின் தலை பளபளவென்று இருப்பதைப் பார்த்து நல்ல ரயில் என்று சொல்வது போன்றதுதான் இது. அல்ட்ராசானிக் கருவியை வைத்துப் பார்த்தால்தான் உள்ளே விரிசல் இருப்பது தெரியும்.

அணிக்கும் அப்படிப்பட்ட கருவிகள் உண்டு. ஒன்று புள்ளி வித்தியாசம். ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் முப்பது புள்ளியில் ஜெயித்தாலும் அட்டவணையில் ஒரே வெற்றிதான். ஆனால் கடைசி விநாடியில் பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததால் ஜெயித்த அணிக்கு அடுத்த வருடமும் அதே அதிர்ஷ்டம் வரும் என்று சொல்ல முடியாது. ஆகையால் எத்தனை வெற்றி என்பதைவிட, சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதே அணியின் உண்மையான பலத்தைக் காட்டும். 2024-25 பருவத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 82 ஆட்டங்களில் 68 வென்றது. சராசரி வித்தியாசம் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 12.9 புள்ளிகள். என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் அதிகம் என்கிறார்கள். அந்த வருடம் கோப்பையும் அவர்களுக்கே.

புள்ளி வித்தியாசம் இன்றைய பலத்தைத்தான் சொல்லும். நாளைய பலத்துக்கு வயதைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: அணியில் உள்ள எல்லோர் வயதையும் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்துப் பேர் கொண்ட ஓர் அணி. 34 வயதுக்காரர்கள் மூவர், 30 வயதுக்காரர்கள் இருவர், 20 வயதுப் பையன்கள் ஐவர். சாதாரண சராசரி 26.2 வயது. இளமையான அணி என்று மகிழ்ந்துபோவோம். இப்போது ஸ்கோர் புத்தகத்தில் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்று பாருங்கள். உலக விதிப்படி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக மொத்தம் 200 நிமிடம். 34 வயதுக்காரர்கள் ஆளுக்கு 35 நிமிடம், 30 வயதுக்காரர்கள் ஆளுக்கு 30 நிமிடம், பையன்கள் ஆளுக்கு 7 நிமிடம் ஆடியிருந்தால், நிமிடங்களால் எடைபோட்ட சராசரி வயது 30-ஐத் தாண்டி 30.35 ஆகிவிடுகிறது! பையன்கள் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாரத்தைச் சுமப்பவர்கள் பெரியவர்கள். இரண்டு மூன்று வருடத்தில் அந்த அணி சரியும். அப்போது பொறுப்பேற்க வேண்டிய பையன்களுக்கு ஆடிய பழக்கமே இருக்காது.

இதற்கு நல்ல உதாரணம் புரூக்ளின் நெட்ஸ் அணி. என்.பி.ஏ.வில் ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும்; இதற்கு டிராஃப்ட் என்று பெயர். மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வரப்போகும் வருடங்களின் தேர்வு உரிமையைக்கூட அணிகள் விற்கலாம், வாங்கலாம். விதை நெல்லை விற்பதற்குச் சமம். 2013-ல் நெட்ஸ் அணி அதைத்தான் செய்தது. 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸ் ஆகிய புகழ்பெற்றவர்களைப் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடமிருந்து வாங்கி, அதற்கு ஈடாக 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளைக் கொடுத்தது. போதாததற்கு 2017-ல் வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. முதல் வருடம் 44 வெற்றி. இரண்டாம் சுற்றோடு வெளியேற்றம். 2016-17-ல் வெறும் 20 வெற்றி. தோற்றாலாவது நல்ல பையன் கிடைப்பான் என்ற ஆறுதலும் இல்லை. அந்த உரிமை பாஸ்டனிடம் இருந்தது. பாஸ்டன் அதைக் கொண்டு 2016-ல் ஜெய்லன் பிரவுன், 2017-ல் ஜேசன் டேட்டம் என்று இருவரைச் சேர்த்தது. 2024-ல் பாஸ்டன் கோப்பை வாங்கியபோது முன்னால் நின்றவர்கள் அந்த இருவர்தான்.

முன்பு சொன்ன ஓக்லஹோமா இதற்கு நேர் எதிர். 2019-ல் தன் பெரிய நட்சத்திரமான பால் ஜார்ஜை விட்டுக்கொடுத்து, 21 வயதுகூட நிரம்பாத ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் வாங்கிக்கொண்டது. 2021-22-ல் 24 ஆட்டங்கள்தான் ஜெயித்தது. அன்று அட்டவணையை மட்டும் பார்த்தவர் இந்த அணி தேறாது என்றிருப்பார். மூன்றே வருடத்தில் கதை மாறிவிட்டது.

நண்பர் கேட்டது இதுவல்லவே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். நெட்ஸ் 20 ஆட்டங்கள்தான் ஜெயித்தது என்றாலும் அடுத்த வருடமும் நெட்ஸ் இருந்தது, லீகும் இருந்தது. நம் நாட்டில் அடித்தளத்தையே முதலில் சோதிக்க வேண்டும்: லீக் இருக்குமா?

2010-ல் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனம் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்போடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தொழில்முறை லீக் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த ஒப்பந்தத்திலிருந்து லீக் பிறக்கவே இல்லை. வேறொரு தனியார் முயற்சியாக 2015-ல் யு.பி.ஏ. லீக் ஆரம்பமாயிற்று. சென்னை ஸ்லாம், பெங்களூரு பீஸ்ட் என்றெல்லாம் எட்டு அணிகள். 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. சென்னை ஸ்லாம் நல்ல அணிதான். ஆனால் நல்ல பெட்டியாக இருந்து என்ன பயன், தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டால்? பிறகு கூட்டமைப்பின் ஆதரவோடு 2022-ல் ஐ.என்.பி.எல். வந்தது. ஆறு அணிகள், முதல் பருவத்தில் சென்னை ஹீட் பட்டம் வென்றது. 2025-ல் அதுவே 'ப்ரோ' என்ற பெயரோடு புது வடிவில் நடந்தது. அணிப் பட்டியல் பழையபடி இல்லை.

நம் மைசூரு வாசகர்களுக்குக் கிரிக்கெட்டில் ஓர் உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். 2009-ல் தொடங்கிய கர்நாடகா பிரீமியர் லீக், 2019-ல் சூதாட்ட விசாரணைக்குப் பின் நின்றுபோயிற்று. 2022-ல் மகாராஜா டிராபி என்ற பெயரில் மாநிலக் கிரிக்கெட் சங்கமே மீண்டும் நடத்தத் தொடங்கியது. நம் ஊர் மைசூரு வாரியர்ஸ் இரண்டிலும் இருந்தது. 2024-ல் கோப்பையும் வாங்கியது. காரணம் எளிது: உரிமையாளரான என்.ஆர். குழுமம் இந்த ஊரிலேயே பல தலைமுறையாக ஊதுவத்தி வியாபாரம் செய்பவர்கள். லீக் நின்ற வருடங்களிலும் அவர்களுக்கு வேறு வருமானம் இருந்தது, ஊரை விட்டுப் போகும் எண்ணமும் இல்லை. அணியின் ஆயுளைக் கணிக்கும்போது, முதலாளி யார், அவருக்கு இந்த ஊரில் என்ன வேர் என்பதை ஆட்டக்காரர்களின் உயரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி மறுபக்கம். நம் நாட்டில் கூடைப்பந்தை இத்தனை காலம் காப்பாற்றியது இலாகா அணிகள்தான். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெங்களூரில் விஜயா வங்கி என்று பட்டியல் நீளும். ரயில்வே விளையாட்டு வாரியம் 1928-லிருந்து இருக்கிறது. இந்திய மகளிர் அணியின் தலைவியாக இருந்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர்தான்.

ஆனால் நான் ரயில்வேக்காரன் என்பதற்காக இலாகா அணிக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆட்டக்காரர் நிரந்தர ஊழியர் ஆனபடியால், புது ஆளெடுப்பு சில வருடம் நின்றால் அதே முகங்கள் 35 வயதிலும் ஆடிக்கொண்டிருப்பார்கள். மேலே போட்ட நிமிடக் கணக்கை ஓர் இலாகா அணிக்குப் போட்டுப் பாருங்கள், சில சமயம் கவலையாக இருக்கும். விஜயா வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி அது பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்தது. பனியனில் இருந்த பெயரே மறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பனியனைப் போட்டு ஆடியவர்களின் உத்தியோகம் புதிய வங்கியில் தொடர்ந்தது.

இந்த இடத்தில்தான் நண்பருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் புரிந்தது. அணி நிலைப்பது வேறு, ஆட்டக்காரன் நிலைப்பது வேறு. ரசிகர் கேட்க வேண்டியது முதல் கேள்வி. பெற்றோர் கேட்க வேண்டியது இரண்டாவது. நெட்ஸ் சரிந்தாலும் கார்னெட்டுக்கும் பியர்ஸுக்கும் நஷ்டமில்லை. அவர்களுடைய ஒப்பந்தம் அப்படி. நம் பையன்களுக்கு அந்தக் காப்பு இருக்கிறதா என்பதே விஷயம்.

நண்பரின் வீட்டுக்குப் போய், ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். சம்பளம் ஆட்டம் நடக்கும் சில வாரங்களுக்கு மட்டுமா, பன்னிரண்டு மாதத்துக்குமா? முழங்கால் போனால் ஆபரேஷன் செலவு யாருடையது, அந்த வருடச் சம்பளம் உண்டா? லீக் நடக்காவிட்டால் ஒப்பந்தம் என்னாகும்? அணிக்குச் சொந்த ஊரில் மரத்தளம் போட்ட ஆட்டக்களம் இருக்கிறதா, இல்லை எல்லோரையும் ஓர் ஊரில் கூட்டி வைத்து ஆட்டி அனுப்புகிறார்களா? ஜூனியர் அணி வைத்திருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நண்பர் அலட்சியமாகப் பார்த்தார். எனக்கு அதுதான் முக்கியம். பத்து வருடம் கழித்தும் இருக்கப்போகிறோம் என்று நினைக்கிற முதலாளிதான் 14 வயதுப் பையன்கள் மேல் பணம் போடுவான்.

பையன் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், "அங்கிள், ரயில்வேயில சேர்ந்தா அப்புறம் லீக் ஆட விடுவாங்களா?" என்றான். நல்ல கேள்வி. இலாகாவின் அனுமதி பெற வேண்டும். கிடைப்பதும் கிடைக்காததும் மேலதிகாரியைப் பொறுத்தது. ஆனால் அனுமதி கேட்க முதலில் உள்ளே இருக்க வேண்டும். செலக்‌ஷனுக்கு வயது வரம்பு உண்டு, காலியிடம் எல்லா வருடமும் வராது. அவன் அம்மா அடுக்களையிலிருந்தே, "அதைத்தான் நான் மூணு மாசமாச் சொல்றேன்" என்றார்.

ரயில்வே செலக்‌ஷனுக்கு விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. லீக்காரர்களுக்கும் அந்தக் கேள்விகளை அப்படியே எழுதி, பதிலை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறார் நண்பர். சம்பளத்தைப் பற்றியும் ஆட்டக்களத்தைப் பற்றியும் உடனே பதில் வந்தது. முழங்காலைப் பற்றி இதை எழுதும்வரை வரவில்லை.