கடந்த காலத்தைத் திருத்த முடியுமா?

கடந்த காலத்துக்குப் போய் உங்கள் தாத்தாவின் திருமணத்தை நிறுத்திவிட்டால், நீங்கள் பிறந்திருப்பீர்களா? பிறக்கவில்லையென்றால், திருமணத்தை நிறுத்தியது யார்? கால இயந்திரக் கதை எழுதுவோரைத் திணறடிக்கும் கேள்வி இது.

அகிரா தொரியாமா வரைந்த 'டிராகன் பால்' என்ற மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், இதற்கு விடை உண்டு. ட்ரங்க்ஸ் என்ற இளைஞன் 20 ஆண்டுகள் பின்னோக்கி வந்து, இதய நோயால் இறக்க இருந்த வீரன் கோகுவுக்கு மருந்து தருகிறான். கோகு பிழைக்கிறான். ஆனால் ட்ரங்க்ஸின் சொந்தக் காலத்தில் கோகு இறந்தவன் இறந்தவனே! காலம் இரு கிளைகளாகப் பிரிந்துவிட்டது. 1957இல் ஹியூ எவரெட் என்ற இயற்பியலாளர் வெளியிட்ட குவாண்டம் விளக்கத்திலும் உலகம் இப்படிக் கிளை விடுகிறது. (கிளைக்குக் கிளை தாவ அவர் வழி சொல்லவில்லை!)

அனிமே, அதாவது அசையும் சித்திரப்படம், இந்தக் கணக்கை மாற்றவில்லை, வேறொன்றை மாற்றியது. 1993இல் வந்த தொலைக்காட்சிப் படத்தில், குரு கோஹான் இறந்த துயரத்தில்தான் ட்ரங்க்ஸுக்குப் பேராற்றல் பிறக்கிறது. மங்காவிலோ அது அவனிடம் முன்பே இருக்கிறது. இருந்தும் செயற்கை மனிதர்களை வெல்ல முடியவில்லை. கண்கலங்க வைப்பது படம்தான். ஆனால் அவனுக்குக் கால இயந்திரம் ஏன் தேவைப்பட்டது என்பதை மங்காவே நன்றாக விளக்குகிறது.

கடந்த காலத்தில் பெற்ற பயிற்சியோடு திரும்பிய பிறகுதான், தன் காலத்துச் செயற்கை மனிதர்களை அவன் வீழ்த்துகிறான்.