அமெரிக்காவில் வாங்கின பைலட் ரேட்டிங் ஐரோப்பாவில் செல்லுமா? - மாறிய விதிகளும் மறக்கக் கூடாத 50 மணி நேரமும்!

கார்ல போயிட்டிருக்கீங்க. திடீர்னு பனி மூடி, முன்னாடி எதுவுமே தெரியல. என்ன செய்வீங்க? இண்டிகேட்டரைப் போட்டு ஓரமா நிறுத்திடுவீங்க. ஆனா, 5,000 அடி உயரத்தில் மேகத்துக்குள் நுழைந்துவிட்ட விமானத்தை எங்கே ஓரம்கட்டுவது?

அந்த நேரத்தில் நம் உடம்பே நம்மை ஏமாற்றும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, கண்ணின் துணை இல்லாதபோது தப்பாகவே தகவல் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். பைலட்டுக்கோ நேராகப் போவதுபோலவே இருக்கும். 1999 ஜூலையில், முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஓட்டிச்சென்ற சிறிய விமானம் இரவில் கடலில் விழுந்தது. இந்தத் தடுமாற்றத்தால் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. அவரிடம் 'இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்' கிடையாது.

வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டுமே நம்பி விமானம் ஓட்டத் தெரியும் என்பதற்கான சான்றுதான் இந்த ரேட்டிங். சுருக்கமா, ஐ.ஆர்.

பிரச்னை எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில் சொந்த விமானம் ஓட்டுபவர்கள் ஐ.ஆர் வாங்குவது சகஜம். ஒரே ஒரு எழுத்துத் தேர்வு, 40 மணி நேரக் கருவிப் பறத்தல், ஒரு செய்முறைத் தேர்வு. ஐரோப்பாவிலோ 7 எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்று இருந்தது. வேலை, குடும்பம் என்று இருப்பவருக்கு இது எட்டாக்கனி.

அதனால் பல ஐரோப்பியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ரேட்டிங் வாங்குவது, விமானத்தையும் அமெரிக்கப் பதிவிலேயே வைத்துக்கொள்வது. ஓட்டுவது மட்டும் ஐரோப்பிய வானத்தில்!

2011-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பைலட் விதிமுறை இதற்குக் கடிவாளம் போட்டது. ஐரோப்பாவில் இருந்துகொண்டு விமானத்தை இயக்கினால், அது எந்த நாட்டுப் பதிவாக இருந்தாலும் ஐரோப்பிய லைசென்ஸ் வேண்டும் என்றது. அமல்படுத்தும் தேதி பலமுறை தள்ளிப்போனது. 'எப்படியும் இன்னொரு தடவை தள்ளிவெப்பாங்க' என்று காத்திருந்தவர்கள் நிறைய பேர்.

2014-ல் திறந்த கதவு

அந்த வருடம் ஏப்ரலில் விதி மாறியது. 'எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாய்?' என்பதைவிட, 'உனக்கு ஓட்டத் தெரியுமா?' என்று கேட்கும் புதிய ஐ.ஆர் வந்தது. வெளிநாட்டு ரேட்டிங் வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய சலுகை. என்னவெல்லாம் வேண்டும்?

* சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் ஐ.ஆர்.

* கருவி விதிகளின் கீழ், பொறுப்பு பைலட்டாக 50 மணி நேரம் பறந்த அனுபவம்.

* ஐரோப்பியத் தேர்வாளருடன் ஒரு பறக்கும் தேர்வு. அப்போதே விமானச் சட்டம், வானிலை, பயணத் திட்டமிடல் ஆகியவற்றில் வாய்மொழிக் கேள்விகள்.

அவ்வளவுதான். 7 எழுத்துத் தேர்வும் இல்லை, கட்டாயப் பயிற்சி வகுப்பும் இல்லை. ஆனா, தேர்வு சுலபம்னு நினைச்சுடாதீங்க. ஐரோப்பிய நடைமுறைகள் வேறு. உள்ளூர் பயிற்சியாளருடன் சில நாள்கள் பறந்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

50 மணி நேரம் இல்லாதவர்கள் எழுத்துத் தேர்வையும் பயிற்சியையும் முடிக்க வேண்டும். ஏற்கெனவே செய்த பறத்தலில் ஒரு பகுதி கணக்கில் வரும். ஆனாலும், குறைந்தது 10 மணி நேரம் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பறந்தாக வேண்டும்.

லாக் புக்கில் ஒளிந்திருக்கும் சிக்கல்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஐரோப்பா கேட்பது 'மேகத்துக்குள் பறந்த நேரம்' அல்ல. கருவி விதிகளின் கீழ் பறந்த மொத்த நேரம். வானம் பளிச்சென்று இருந்தாலும், அந்த விதியின் கீழ் பறந்திருந்தால் அது கணக்கில் வரும். அமெரிக்க லாக் புக்குகளிலோ வழக்கமாக மேகத்தில் பறந்த நேரத்துக்கு மட்டும்தான் தனிக் கட்டம் இருக்கும். விளைவு, 200 மணி நேரம் பறந்தவரிடம்கூட காட்டுவதற்கு 20 மணி நேரம்தான் இருக்கும். பழைய பயணத் திட்டங்களை (ஃபிளைட் பிளான்) எடுத்து, இப்போதே கணக்கைச் சரிபண்ணிடுங்க.

லைசென்ஸ் முதலில், ரேட்டிங் பிறகு

ஐ.ஆர் தனியாக நிற்காது. அதை ஒட்டவைக்க ஒரு ஐரோப்பிய லைசென்ஸ் தேவை. தனியார் பைலட் லைசென்ஸை மாற்ற 100 மணி நேரப் பறக்கும் அனுபவம், மருத்துவச் சான்று, மொழித்திறன் சான்று, விமானச் சட்டம் மற்றும் மனிதச் செயல்திறன் தேர்வுகள், ஒரு பறக்கும் தேர்வு வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து அமெரிக்கா - ஐரோப்பா ஒப்பந்தத்தின் கீழ் தனியார் லைசென்ஸுக்குத் தனி வழியும் இருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை, விண்ணப்பிக்கும் நாட்டின் விமான ஆணையத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிரெக்ஸிட்டும் கதையை மாற்றியது. 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் லைசென்ஸும் ஐரோப்பாவுக்கு 'வெளிநாட்டு' லைசென்ஸ்தான்.

இந்திய ஐ.ஆர் வைத்திருப்பவர்களும் 50 மணி நேர வழியைப் பயன்படுத்தலாம். ஆனால், ஐரோப்பிய ஏர்லைனில் வேலை என்பது கனவானால், 13 பாடத் தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். குறுக்குவழி இல்லை.

வாங்கினால் மட்டும் போதாது

அமெரிக்காவில் 6 மாதங்களுக்குள் 6 முறை கருவி வழி இறங்கு அணுகுமுறைகள் உள்ளிட்ட பயிற்சிகளைச் செய்திருந்தால் ரேட்டிங் உயிரோடு இருக்கும். ஐரோப்பாவில் ஒவ்வொரு வருடமும் தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். 'இது என்ன தொல்லை' என்று தோன்றலாம்.

ஆனா, யோசிச்சுப் பாருங்க. ஐ.ஆர் இல்லாத பைலட்டையும் மேகம் ஒருநாள் சூழத்தான் செய்யும். எட்டாத உயரத்தில் வைத்த ரேட்டிங்கால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. திறமை உள்ளவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, வருடம்தோறும் அந்தத் திறமையைச் சோதிப்பதுதான் நியாயம். அந்த விமானத்தின் பின் சீட்டில் உட்காரப்போவது, பெரும்பாலும் அவருடைய குடும்பம்தானே!