பழைய உழவு இயந்திரங்களின் மாதிரிகளும் உதிரி உறுப்புகளின் பொருத்தமும்

புரட்டாதி கழிந்து முதல் மழை விழுந்ததும் வயலில் இறங்க வேண்டிய உழவு இயந்திரம், பொருந்தாத ஓர் உறுப்பினாற் பட்டறையில் நிற்குமாயின், விதைப்புப் பருவம் அதற்காகக் காத்திராது. பழைய பேர்குசன், மசி பேர்குசன் இயந்திரங்களை வைத்திருப்போர் பலருக்கு இந்நிலை ஏற்படுவது உறுப்புக் கிடையாமையாலன்று. வெளித்தோற்றத்தில் ஒன்றாகவும் உள்ளே வெவ்வேறாகவும் அமைந்த மாதிரிகளுக்கு, பெயரை மட்டுஞ் சொல்லி உறுப்பு வாங்குவதனாலேயே ஏற்படுகின்றது. ஆதலின் உங்கள் இயந்திரம் எம்மாதிரியைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

சாம்பல் நிறமுடைய பேர்குசன் ரீ.ஈ.20 இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 தொடக்கம் 1956 வரை செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் வெளிவந்தன. இவற்றிற் பெற்றோலில் ஓடுவன, மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவன, டீசலில் ஓடுவன என வகைகள் உண்டு. ஸ்டாண்டர்ட் பெற்றோல் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் தொடக்கத்தில் 80 மில்லிமீற்றராக இருந்து பின்னர் 85 ஆக்கப்பட்டது. ஒன்றன் பிஸ்டன் மற்றதற்கு ஆகாது. 1951இல் வந்த டீசல் வகையின் விட்டமோ ஏறக்குறைய 81 மில்லிமீற்றர். எனவே இம்மூன்றையும் அளந்து பாராமல் வாங்குதல் தகாது.

1956இல் வந்த 35 என்னும் மாதிரியே மிகுந்த குழப்பத்துக்கு இடமாயுள்ளது. இது முதலிற் சாம்பல் நிறத்திலும், 1957இன் முடிவிலிருந்து சிவப்பு நிறத்திலும் மசி பேர்குசன் என்னும் பெயருடன் வந்தது. அக்காலத்து டீசல் 35இல் இருந்தது ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின். குளிர்ந்த காலை வேளையில் எளிதிற் கிளம்பாது என்ற பெயர் அதற்கு உண்டு. 1959இல் மசி பேர்குசன், பேர்க்கின்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் அதே மூடியின் கீழ் பேர்க்கின்சின் மூன்று சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1962இல் வலு கூடிய 35 எக்ஸ் வந்தது. 1964இல் இவற்றின் இடத்தை 135 பெற்றது.

கடையிற் சென்று "முப்பத்தைந்துக்கு" என்று மட்டுங் கேட்பீர்களாயின், இரு எஞ்சின்களுள் எதற்கு என்பது கடைக்காரருக்கு விளங்காது. இதனை அறியும் வழி மிக எளிது. எரிபொருட் பம்பியிலிருந்து சிலிண்டர்களுக்குச் செல்லும் உருக்குக் குழாய்களை எண்ணுக. நான்காயின் ஸ்டாண்டர்ட், மூன்றாயின் பேர்க்கின்ஸ். நிறத்தை நம்ப வேண்டாம்; பூசும் வண்ணம் எவருக்குங் கிடைக்கும். இயந்திர இலக்கத் தகட்டை மட்டும் நம்புதலும் போதாது. பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினை அகற்றி வேறோர் எஞ்சினைப் பொருத்திய இயந்திரங்களும் உள. ஆகையால் எஞ்சின் உறுப்பு வாங்கும்போது எஞ்சின் உடலிற் பொறித்துள்ள இலக்கத்தையும், பின்பகுதி உறுப்பு வாங்கும்போது இயந்திர இலக்கத்தையும் எழுதிச் செல்வீராக.

பேர்க்கின்ஸ் எஞ்சினிலும் ஒரு பொறி மறைந்துள்ளது. 35இல் வந்தது ஏ3.152, 135இல் வந்தது ஏடி3.152. மூன்று என்பது சிலிண்டர் தொகை. 152 என்பது கன அங்குலத்திற் கொள்ளளவு. இரண்டின் சிலிண்டர் விட்டமும் 3.6 அங்குலமே. ஆனால் முன்னையதில் எரிபொருள் முதலில் எரியும் அறை சிலிண்டர்த் தலையினுள் உள்ளது. பின்னையதிற் பிஸ்டனின் தலையிற் குடையப்பட்ட கிண்ணமே அவ்வறையாகும். விட்டம் ஒன்றாகையால் ஒன்றன் பிஸ்டன் மற்றதனுள் இலகுவில் இறங்கும். இறங்கியதைக் கண்டு பொருந்திவிட்டதென மகிழ்வோருமுண்டு. கிண்ணமுள்ள பிஸ்டனைப் பழைய தலையின் கீழ் இட்டால் அமுக்கம் குறைந்து, எஞ்சின் கிளம்ப மறுத்து வெண்புகை கக்கும். மறுதலையாகச் செய்தால் எரிபொருள் எரிவதற்குத் தக்க இடமே இராது. முழுச் செலவும் வீணாவது இவ்விடத்திலேயே. பழைய பிஸ்டனைக் கையிற் கொண்டு சென்று, புதியதன் தலையோடு தலை வைத்துப் பார்த்தபின் பணங் கொடுங்கள்.

சிலிண்டர் உறையிலும் இரு வகை உண்டு: வார்ப்பிரும்பு உறை, குரோமியம் பூசிய உறை. குரோமிய உறைக்குக் குரோமிய வளையம் இடலாகாது. கடினமான இரண்டும் ஒன்றையொன்று அராவிக் கெடுக்கும். அவ்வாறே, கிராங்குத் தண்டின் பின்முனையிற் பழையவற்றுக்குக் கயிற்று அடைப்பும் பிந்தியவற்றுக்கு இறப்பர் அடைப்பும் உள்ளன. தண்டும் அதற்கேற்ப வேறுபடும்.

கிளச்சுத் தட்டு வாங்குமுன் உங்களுடையது ஒற்றையா இரட்டையா என அறிதல் வேண்டும். ஒற்றைக் கிளச்சில், மிதித்தவுடன் சில்லுகளோடு பின்பக்க வலுத்தண்டும் நின்றுவிடும். இரட்டையிற் பாதி மிதித்தாற் சில்லுகள் மட்டும் நிற்கும். முழுதும் மிதித்தாலே வலுத்தண்டு நிற்கும். சூடடிக்கும் பொறியையோ சுழல் கலப்பையையோ இயக்குவோருக்கு இரட்டையே வசதி. ஆயினும் ஒற்றையை இரட்டையாக்க, தட்டை மட்டும் மாற்றினாற் போதாது. பறக்கும் சில்லும் கியர்ப் பெட்டியினுட் செல்லும் தண்டுகளும் மாற்றப்படல் வேண்டும். அச்செலவில் வேறு பல வேலைகள் செய்யலாம் என்பதே எமது எண்ணம்.

பொருந்துவனவும் பல உள. 20 முதல் 135 வரையும், பின் வந்த 240இலும், மூன்று முனைப் பிணைப்பின் அளவு ஒன்றே: கீழ்க்கைகளுக்கு முக்கால் அங்குலத்திலும் சற்றுப் பெரிய, அதாவது 22 மில்லிமீற்றர் ஆணி, மேற்கைக்கு 19 மில்லிமீற்றர் ஆணி. ஆகவே பழைய பேர்குசன் கொத்துக் கலப்பையைப் புதிய இயந்திரத்திற் பூட்டலாம். வலுத்தண்டு மட்டும் விலக்காகும். 20இன் தண்டு ஒன்றேகால் அங்குலத்துக்குங் குறைந்து 1⅛ அங்குலமாயிருக்க, 35இலும் 135இலும் 1⅜ அங்குலமாகும். இரண்டிலும் பற்கள் ஆறு. இடையில் மாட்டும் உறை கடையில் உண்டு. ஆனால் உறை மாட்டியதால் மெல்லிய தண்டு தடித்ததாகிவிடாது. ஏறத்தாழ 26 பரிவலுவே உடைய 20இன் டீசல் வகையிற் பெரிய சுழல் கலப்பையைப் பூட்டிச் சேற்று வயலில் இறக்குவது தண்டை முறிப்பதற்கு ஒப்பாகும்.

பின்சில்லு ரயர்களிற் பழைய 10-28க்குப் பதிலாக 11.2-28உம், 11-28க்குப் பதிலாக 12.4-28உம் இன்று வாங்கலாம். ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றதுமாக இடாதீர்கள்.

குண்டுப் போதிகைகளின் விளிம்பில் இலக்கம் வெட்டப்பட்டிருக்கும். அவ்விலக்கத்தைச் சொல்லி எக்கடையிலும் வாங்கலாம். இயந்திரத்தின் பெயர் தேவையில்லை. சேற்றில் முதலிற் கெடும் எண்ணெய் அடைப்புகளுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்னும் மூன்று அளவுகள் போதும். ஆணிகளில் மட்டும் கவனம் வேண்டும். இவ்வியந்திரங்களின் புரிகள் அங்குல அளவின. 5/16 அங்குல ஆணி 7.94 மில்லிமீற்றர் ஆகையால், 8 மில்லிமீற்றர் ஆணி அத்துளையில் ஓரிரு சுற்று இறங்கிப் பின் இறுகும். அவ்விடத்திற் சாவியைப் பலங்கொண்டு திருகாமல் ஆணியைக் கழற்றி எடுங்கள். வார்ப்பிரும்பிற் புரி சிதைந்தால் அதனைக் கடைசற் பட்டறையிலேயே சீராக்க முடியும். மழைக்காலத்தில் அங்கும் உங்களுக்கு முன் பலர் நிற்பர்.